அறக்கொடை திரட்டலில் பண்பாட்டு நெறிகள்: அகதிகள் ஜகாத் நிதியத்தை முன்வைத்து

முன்னுரை

பல்வேறு பண்பாட்டுச் சமூகங்களிடம் நிதி திரட்ட முற்படும் தொண்டு நிறுவனங்கள், தம் வேண்டுகோளை அச்சமூகத்தாரின் மொழியில் பெயர்த்தளித்தாலே போதும் எனக் கருதுவதுண்டு. கொடை குறித்து அச்சமூகம் கொண்டுள்ள நெறிகளுக்கேற்ப நிறுவனம் தன் கணக்கு முறையையும் மாற்றிக்கொள்ளும்போதே உறவு நிலைபெறும். இதனை, ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையர் அலுவலகம் 2019-இல் முறையாகத் தொடங்கிய அகதிகள் ஜகாத் நிதியத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கொடையும் கடமையும்

ஜகாத் இசுலாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்று. ‘நிஸாப்’ எனும் வரம்பை எட்டிய பணம், பொன் முதலியன ஒரு சந்திர ஆண்டு கையிருப்பில் இருப்பின், அதில் 2.5 விழுக்காடு வழங்கப்பட வேண்டும். அதனைப் பெறுதற்குரியோர் எண்வகையினர் எனத் திருக்குர்ஆன் (9:60) வரையறுக்கிறது. வறியோர், தேவையுடையோர், கடனாளிகள், வழிப்போக்கர் ஆகியோர் அவர்களுள் அடங்குவர். விரும்பிய அளவில் விரும்பிய நற்பணிக்கு வழங்கும் ‘சதக்கா’ இதனின் வேறானது. எனவே, ‘இங்குக் கொடுத்தால் என் கடமை நிறைவேறுமா?’ என்பதே ஜகாத் அளிப்பவரின் முதல் வினாவாகிறது. இரக்கத்தைத் தூண்டும் விளம்பரப் படங்கள் இதற்கு விடையாகா.

நிறுவனம் ஏற்ற மாற்றங்கள்

இவ்வினாவிற்கு அவ்வலுவலகம் மூன்று நிலைகளில் விடையளித்தது. முதலாவதாக, மார்க்க அறிஞர்களிடமும் அமைப்புகளிடமும் ‘ஃபத்வா’ எனப்படும் மார்க்கத் தீர்ப்புகளைப் பெற்றது. இரண்டாவதாக, ஜகாத் தொகையைப் பிற நன்கொடைகளோடு கலவாமல் தனியே கையாண்டது. மூன்றாவதாக, நிர்வாகச் செலவு எதனையும் கழிக்காமல் முழுத் தொகையையும் தகுதியுடைய அகதிகளுக்கே வழங்குவதாக உறுதியளித்தது.

மூன்றாவது முடிவு சிந்தனைக்குரியது. எண்வகையினருள் ஜகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பணியாளரும் இடம்பெறுகின்றனர். ஆகவே ஒரு பகுதியைப் பணிச்செலவிற்கு எடுத்துக்கொள்ள வாய்ப்பிருந்தும் நிறுவனம் அதனைத் தவிர்த்தது. எனினும், பயனாளிகளைக் கண்டறிதல், பணம் சேர்ப்பித்தல், தணிக்கை ஆகியவற்றிற்கான செலவு மறைந்துவிடுவதில்லை. அது பிற நிதிகளின்மீது விழுகிறது. ஒரு சமூகத்தின் நம்பிக்கையைப் பெறுவதற்கான விலையை மற்றொரு கொடையாளர் செலுத்துகிறார். அதனை அவருக்குத் தெரிவித்து அவர்தம் இசைவைப் பெறுவதும் நிறுவனத்தின் கடப்பாடேயாகும்.

முடிவுரை

சமூகத்தின் கொடை நெறியை அறிதல், அச்சமூகம் ஏற்கும் அறிஞர்வழி அதனை உறுதிசெய்தல், கணக்கில் அதனைக் காட்டுதல் என்னும் மூன்றும் நிதி உறவின் அடிப்படைகள் என்பது இதனால் புலனாகிறது. கடமையாகக் கொடுப்போரை இரக்கத்தால் கொடுப்போராக மட்டும் அணுகும் நிறுவனம், ஒருமுறை நன்கொடை பெறலாம். ஆண்டுதோறும் தொடரும் உறவை அடைதல் அரிது.