பெல்ட் மாற்றப் பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்!

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில் கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டர் சென்றால் திருவரங்குளம். பொன்னாலான பனம்பழம் பழுத்த மரம் ஒன்று இங்கே இருந்ததாகத் தல புராணம் சொல்கிறது. ஹரிதீர்த்தேசுவரரும் பெரியநாயகி அம்மனும் எழுந்தருளியிருக்கும் சோழர் காலத்துக் கோயிலைத் தரிசிக்க வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். ஒரு காலத்தில் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். இப்போது கார்.

அப்படி ஒரு குடும்பம் தரிசனத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். பின் ஆசனத்தில் பாட்டி, மடியில் பிரசாதத் தட்டு. காருக்கு வயது பத்து. இரண்டாவது கைமாற்றாக வாங்கியது. மீட்டர் காட்டுவதோ வெறும் 31,000 கிலோமீட்டர். "ஓடாத வண்டி, சார்! புத்தம் புதுசு மாதிரி" என்று சொல்லி விற்றார்கள். அதில் பொய்யும் இல்லை.

சாலையில் சீராகப் போய்க்கொண்டிருந்த கார் திடீரென்று மூச்சை விட்டுவிடுகிறது. புகை இல்லை, பெரிய சத்தம் இல்லை. ஸ்டியரிங் இரும்பாய்க் கனக்கிறது. பிரேக்கை இரண்டு மடங்கு பலத்துடன் மிதிக்க வேண்டியிருக்கிறது. எப்படியோ ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட வேகமாக 'விர்ர்' என்று சுற்றுகிறது. எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பெட்ரோல் இருக்கிறது. பாட்டரியும் நன்றாக இருக்கிறது. டீக்கடையிலிருந்து நாலு பேர் ஓடி வருகிறார்கள். "அண்ணே, ரெண்டாவது கியர்ல போடுங்க. தள்ளி விடுறோம்!"

நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் அந்தத் தள்ளு ஒன்றே அந்தக் குடும்பத்துக்கு இருபதாயிரம் ரூபாய் செலவு வைத்துவிடக்கூடும். உள்ளே அறுந்து கிடப்பது டைமிங் பெல்ட்.

இரண்டு உலக்கை, ஓர் உரல்

ஓர் உரலைச் சுற்றி இரண்டு பெண்கள் எதிரும் புதிருமாக நின்று நெல் குத்துவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெல்ட்டின் வேலையை விளக்குவது சுலபம். ஒருத்தியின் உலக்கை உரலுக்குள் இறங்கும் தருணத்தில் மற்றவளுடைய உலக்கை மேலே நிற்கும். இறங்கும் இடம் ஒன்றுதான், நேரம்தான் வேறு. கண்ணிமைக்கும் நேரம் தவறினாலும் உலக்கையும் உலக்கையும் மோதிக்கொள்ளும்.

கார் எஞ்சினுக்குள்ளும் இதேதான் நடக்கிறது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. காற்றும் எரிபொருளும் உள்ளே வரவும், புகை வெளியே போகவும் வால்வுகள் என்னும் சிறு கதவுகள் மேலிருந்து அதே சிலிண்டருக்குள் இறங்கித் திறக்கின்றன. பிஸ்டனை இயக்குவது கிராங்க் ஷாஃப்ட். வால்வுகளைத் திறப்பது கேம் ஷாஃப்ட். முன்னது இரண்டு சுற்றுச் சுற்றினால் பின்னது ஒரு சுற்று. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்தக் கணக்குக்காகவே கேம் ஷாஃப்டின் சக்கரத்தில் இரண்டு பங்கு பற்கள் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. இவ்வளவு தாளக்கட்டையும் காப்பாற்றுவது உட்புறத்தில் பற்கள் வைத்த ஒரு ரப்பர் பட்டை. அது அறுந்தால் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும்; பிஸ்டனோ வந்த வேகத்தில் இன்னும் சில தடவை ஏறி இறங்கும். திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் தலையில் போய் இடிக்கும்.

எல்லா எஞ்சின்களிலும் இடிக்கும் என்பதில்லை. சில பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே போதிய இடைவெளி உண்டு. அங்கே பெல்ட் அறுந்தால் வண்டி நிற்பதோடு சரி. புது பெல்ட் போட்டால் மறுபடி ஓடும். டீசல் எஞ்சின்களில் அந்தத் தாராளம் கிடையாது. காற்றை மிகவும் இறுக்கிப் பிழிந்தால்தான் டீசல் பற்றும் என்பதால் பிஸ்டன் கூரை வரை ஏறுகிறது. பெல்ட் போனால் வால்வுகள் வளைவது பெரும்பாலும் நிச்சயம்.

தையல் யந்திரத்தில் பிறந்தது

நம் ஊர்ப் பழைய டிரைவர்கள் பலருக்கு இந்தப் பெல்ட்டின் அருமை தெரியாமல் போனதற்கு நியாயம் உண்டு. அவர்கள் ஓட்டிப் பழகிய அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இந்த வேலையைச் செய்தது எண்ணெயில் நனைந்து ஓடும் இரும்புச் சங்கிலி. சங்கிலி தேய்ந்தால் எஞ்சினின் முன்பக்கம் 'கரகர'வென்று முனகும். காது கேட்கிற டிரைவர் மெக்கானிக்கிடம் போய்விடுவார். பெல்ட்டுக்கு அந்த நல்ல குணம் இல்லை.

பல் வைத்த ரப்பர் பெல்ட்டை முதலில் கண்டுபிடித்தது காருக்காக அல்ல என்பது ஓர் ஆச்சரியம். 1940-களில் அமெரிக்காவில் சிங்கர் தையல் யந்திரத்துக்காக உருவானது அது. மேலே ஊசியும் கீழே நூல் கண்டும் கணக்குத் தவறாமல் சந்திக்க வேண்டுமே! சாதாரணப் பெல்ட் வழுக்கும், தையல் விட்டுப்போகும். பல் வைத்தால் வழுக்காது. மேற்கு ஜெர்மனியில் கிளாஸ் என்ற சிறிய கம்பெனி 1962-இல் தன் 1004 காரில் இதைப் பொருத்தியது. 1966-இல் இத்தாலியின் ஃபியட்டும் அமெரிக்காவின் பான்டியாக்கும் கைக்கொண்டன. சங்கிலியைவிட எடை குறைவு, ஓசை இல்லை, எண்ணெய் வேண்டாம், விலையும் மலிவு. பிறகு கேட்பானேன்?

இந்தியாவில் இதை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தது மாருதி 800 என்றால் மிகையாகாது. 1983-ஆம் வருஷம் டிசம்பர் 14-ஆம் தேதி முதல் காரின் சாவி கைமாறியது. அதன் 796 சி.சி. எஞ்சினில் இருந்தது டைமிங் பெல்ட். ஆம்னி வானும் அதே எஞ்சின்தான். 1998 டிசம்பரில் டாட்டா இண்டிகா வந்தது. அதன் டீசல் எஞ்சினிலும் பெல்ட். வாடகைக் காராக அது போகாத பட்டிக்காடு தமிழ்நாட்டில் இல்லை. பழைய சான்ட்ரோ, 2005-இல் வந்த முதல் தலைமுறை இன்னோவா, டஸ்டர் டீசல் எல்லாமே பெல்ட் வண்டிகள். இவற்றில் பல இன்று உற்பத்தியில் இல்லை. பிற்காலத்து மாருதிகளில் பலவும், இன்னோவா கிரிஸ்டாவும் சங்கிலிக்குத் திரும்பிவிட்டன. ஆகையால் இது புதுக் கார் வாங்குகிறவரின் கவலை என்பதைவிட, பத்துப் பதினைந்து வருஷத்துக் காரை ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்து வாங்கும் சிறு குடும்பத்தின் கவலை.

மீட்டர் சொல்லாத கணக்கு

'எப்போது மாற்றுவது?' என்று கேட்டால் மெக்கானிக்குகள் கிலோமீட்டரில்தான் பதில் சொல்கிறார்கள். அறுபதாயிரம் என்பார் ஒருவர். எண்பது என்பார் இன்னொருவர். லட்சம் தாங்கும் என்பார் மூன்றாமவர். வண்டிக்கு வண்டி வித்தியாசப்படுவதால் மூவருமே தத்தம் அளவில் சரி. காரோடு கொடுத்த கைப்புத்தகத்தில் அந்த எஞ்சினுக்கு உரிய தூரம் அச்சிட்டிருக்கும். அதுவே பிரமாணம்.

ஆனால் அதே புத்தகங்கள் பலவற்றில், தூரத்தோடு கூட 'இத்தனை வருஷம், எது முந்தியோ அது' என்று இன்னொரு வரியும் இருக்கும். அதைப் படிப்பவர்கள் சொற்பம். ரப்பர் ஓடித்தான் தேய வேண்டும் என்பதில்லை, நின்றபடியே கிழமாகும். சைக்கிள் டியூபை மூலையில் ஐந்து வருஷம் போட்டு வைத்து எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எஞ்சினின் சூடு, வெயிலில் நிறுத்தும் வழக்கம், புதுக்கோட்டைச் சீமையின் செம்மண் புழுதி எல்லாமாகச் சேர்ந்து ரப்பரை வறட்டிவிடுகின்றன. உள்ளே நரம்பாக ஓடும் கண்ணாடி நார் இழைகளும் வலுவிழக்கின்றன. முந்திய ரப்பர்களைவிட 1980-களுக்குப் பின் வந்த ரப்பர் வகைகள் சூட்டைத் தாங்குகின்றன என்பது உண்மை. அவையும் சிரஞ்சீவி அல்ல. தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவதே நம் சீதோஷ்ணத்துக்கு உகந்தது.

திருவரங்குளம் போன்ற ஊரில் கார் வைத்திருப்பவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு தடவை புதுக்கோட்டை போய் வருகிறார். தடவைக்கு 16 கிலோமீட்டர். வருஷத்துக்கு 1,664. மாதம் ஒரு முறை திருச்சி. போக வர 120 வீதம் 1,440. ஆக வருஷத்தில் சுமார் 3,100. பத்து வருஷம் ஓட்டினாலும் மீட்டர் 31,000-ஐத்தான் காட்டும். மெக்கானிக் சொன்ன அறுபதாயிரத்தில் பாதிதான் ஆகிறது என்று அவர் நிம்மதியாகத் தூங்குவார். பாட்டியும் பிரசாதத் தட்டுமாக வழியில் நின்ற கார் இந்த ஜாதிதான். தினம் இருநூறு கிலோமீட்டர் ஓடும் வாடகைக் கார்க்காரர் ஒரு வருஷத்திலேயே பெல்ட்டை நினைத்தாக வேண்டும், அவர் தப்பிவிடுகிறார். கொட்டகையில் துணி போர்த்தி நிறுத்திய வண்டிக்காரர்தான் மாட்டிக்கொள்கிறார்.

வாங்கும்போதே ஜாக்கிரதை வேண்டும். "பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு" என்று விற்பவர் சொல்வார். எந்தப் பெல்ட்? வெளியே தெரிகிற டைனமோ பெல்ட்டை மாற்றிவிட்டு அப்படிச் சொல்வது சகஜம். டைமிங் பெல்ட் பிளாஸ்டிக் மூடிக்குள் மறைந்திருக்கும். பில் இருக்கிறதா, தேதியும் கிலோமீட்டரும் எழுதிய சீட்டு எஞ்சின் பக்கம் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இன்னோவாவில் மாற்றும் தூரம் வந்ததும் எச்சரிக்கை விளக்கு எரியும். கெட்டிக்காரர்கள் பெல்ட்டைத் தொடாமல் விளக்கை மட்டும் அணைத்துவிடுவதும் உண்டு! அத்தாட்சி ஒன்றும் இல்லையென்றால், வாங்கிய வாரமே மாற்றிவிடுவது மேல்.

மூடியைக் கழற்றிப் பார்த்தால் சில அறிகுறிகள் புலப்படலாம். பற்களின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நூல் பிரிதல், எண்ணெய்க் கசிவு. பெல்ட்டில் எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். கசிகிற சீலை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் மாற்றுவது வீண். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் பெல்ட்டும் மறுநாள் அறுவதுண்டு. ஆகவே கண்ணை மட்டும் நம்புவதற்கில்லை.

கைக்கு எவ்வளவு பிடிக்கும்?

செலவு வண்டியைப் பொறுத்தது. கடைக்குக் கடையும் மாறும். மாருதி 800, ஆம்னி, பழைய ஆல்டோ வகைகளில் பெல்ட்டும் அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையும் கூலியும் சேர்த்துச் சுமார் 2,000 முதல் 4,000 ரூபாய்க்குள் வேலை முடியும். இண்டிகா, சான்ட்ரோ என்றால் நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய டீசல் வண்டிகளில் பத்தாயிரத்தைத் தாண்டும். சில எஞ்சின்களில், டஸ்டர் டீசல் போன்றவற்றில், தண்ணீர்ப் பம்பையும் இதே பெல்ட்தான் சுற்றுகிறது. அங்கே பம்பையும் கூடவே மாற்றுவது புத்திசாலித்தனம். பம்பு பிறகு ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து இன்னொரு கூலி அழ வேண்டும்.

டென்ஷனர் உருளையை மாற்ற வேண்டாம், நன்றாகத்தானே சுற்றுகிறது என்று அறுநூறு எழுநூறு மிச்சம் பிடிப்பவர்கள் உண்டு. உருளையின் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டையும் தின்றுவிடும். இந்தச் சிக்கனம் மட்டும் உதவாது.

இனி மறுபக்கம். பெல்ட் அறுந்து வால்வு வளைந்துவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். வால்வுகள், கைடுகள், காஸ்கெட், லேத் பட்டறையில் ஹெட்டை மட்டம் பார்க்கும் வேலை, கூலி, வண்டியைக் கட்டி இழுத்துவந்த செலவு எல்லாம் சேர்ந்து சின்ன வண்டிக்கே பதினைந்து, இருபதாயிரத்தைத் தொடும். டீசல் வண்டிக்கு அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. பிஸ்டனும் உடைந்திருந்தால் வண்டியின் விலையே போய்விடும். காயலான் கடைக்குத் தள்ளுவதா, ரிப்பேர் செய்வதா என்று வீட்டில் பஞ்சாயத்து நடக்கும். மூவாயிரம் ரூபாய் பெல்ட் 50,000 கிலோமீட்டர் உழைத்தால் கிலோமீட்டருக்கு ஆறு காசு விழுகிறது. அதற்குள் எஞ்சின் போடும் சுற்று எத்தனை தெரியுமா? சின்னக் காரில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2,500 வீதம் பன்னிரண்டரைக் கோடி!

தள்ளாதீர்கள்!

சாலை ஓரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு வருவோம். ஓட்டத்தில் திடீரென நின்று, ஸ்டார்ட்டர் லேசாகவும் வேகமாகவும் சுற்றினால் பெல்ட் மேல் சந்தேகம் கொள்ள வேண்டும். சாவியைத் திரும்பத் திரும்பத் திருகக் கூடாது. கியரில் போட்டுத் தள்ளவே கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இன்னொரு வால்வு வளையக்கூடும். கியரை நியூட்ரலில் வைத்து, ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, பாட்டியைப் புதுக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, இழுத்துப் போக ஆள் அனுப்புவதே சரி. டீக்கடை நண்பர்களிடம் விஷயத்தைச் சொன்னால் அவர்களே கல் எடுத்து வந்து சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பார்கள்.

பட்டறையில் அதிர்ஷ்டம் இருந்தால் பெல்ட்டோடு போகும். பழைய ரப்பரை எடுத்துவிட்டு, மேல் சக்கரத்தின் புள்ளியும் கீழ்ச் சக்கரத்தின் புள்ளியும் அதனதன் குறிக்கு நேராக வரும்படி வைத்துப் புதியதை மாட்டுவார்கள். ஒரு பல் பிசகினாலும் வண்டிக்கு இழுவை இருக்காது. பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ கூடாது. உள் நரம்பு ஒடிந்துவிடும். தேர்ந்த மெக்கானிக் உடனே சாவியைக் கேட்க மாட்டார். ஸ்பானரை மாட்டி எஞ்சினைக் கையாலேயே நிதானமாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, எங்கேனும் தட்டுகிறதா என்று விரலால் உணர்ந்து, புள்ளிகள் மறுபடி நேராக வந்து நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். அதன் பிறகுதான் மூடியைப் போட்டு, அன்றைய தேதியையும் மீட்டரில் உள்ள எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுவார்.