வேலையா, மேல்படிப்பா, வெளிநாடா? எக்ஸெல்லில் கணக்குப் போடுங்கள்!

கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையில் சேர்வதா, கேட் எழுதி எம்.டெக். படிப்பதா, கடன் வாங்கி வெளிநாட்டில் எம்.எஸ். படிப்பதா? ஓரிரு ஆண்டு வேறொரு நாட்டில் இருந்து பார்க்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. மாமா ஒன்று சொல்வார், சித்தப்பா வேறொன்று சொல்வார். முடிவில் யார் குரல் உயர்கிறதோ அவர் சொன்னதே முடிவாகிவிடும்.

இந்த முடிவை கம்ப்யூட்டர் எடுத்துத் தராது. ஆனால் இதில் எவ்வளவு பங்கு வெறும் கணக்கு என்பதைப் பிரித்துக் காட்டும். கணக்கு தனியாகிவிட்டால் மீதியைப் பொறுமையாகப் பேசலாம். உங்களிடம் எக்ஸெல் இல்லையென்றால் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதிலுள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதல் ஷீட்: கடன் கணக்கு

புதிய பைல் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். ஏ காலத்தில் விவரத்தையும் அதற்கு நேராக பி காலத்தில் எண்ணையும் டைப் செய்யவும். (செல் பெயர்களை கீபோர்டில் ஆங்கில எழுத்தில்தான் டைப் செய்ய வேண்டும்.)

பி1: கடன் தொகை 3000000
பி2: ஆண்டு வட்டி 11%
பி3: படிப்புக் காலமும் சலுகைக் காலமும் 2.5 ஆண்டு
பி4: தவணை தொடங்கும்போது நிலுவை
பி5: திருப்பிக் கட்டும் மாதங்கள் 120

வட்டி 11 சதவீதம் என்பது ஓர் எடுத்துக்காட்டுதான். வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் வங்கி சொல்வதை அங்கே போடுங்கள். கல்விக் கடனில் படிக்கும் காலத்திலும் அதன்பின் சில மாதங்களும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக் கொண்டேதான் இருக்கும். இதைத்தான் பல பெற்றோர் கவனிப்பதில்லை. ஆகவே பி4 செல்லில் =பி1*(1+பி2*பி3) என்று டைப் செய்து என்டர் தட்டவும். 30 லட்சம் கடன் 38,25,000 ரூபாயாகி நிற்பதைக் காண்பீர்கள். (முழுத் தொகையும் முதல் நாளே வாங்கியதாக வைத்து, தனி வட்டியில் போட்ட கணக்கு இது. பகுதி பகுதியாக வாங்கினால் சற்றுக் குறையும்.)

இனி மாதத் தவணை. பி6 செல்லில் மவுஸை வைத்து, மேலே பார்முலா பாரின் ஓரத்தில் உள்ள எஃப்.எக்ஸ். பட்டனை கிளிக் செய்யவும். கிடைக்கும் பட்டியலில் பி.எம்.டி. என்ற பங்க்‌ஷனைத் தேர்ந்தெடுக்கவும். ரேட் கட்டத்தில் பி2/12, என்பர் கட்டத்தில் பி5, பி.வி. கட்டத்தில் -பி4 என்று கொடுங்கள். மைனஸ் குறியை விட்டுவிட்டால் விடை மைனஸில் வரும்.

விடை: மாதம் சுமார் 52,700 ரூபாய். பத்து ஆண்டில் கட்டி முடிக்கும் தொகை சுமார் 63 லட்சம். பி5-ல் 120-க்குப் பதில் 180 போட்டுப் பாருங்கள். தவணை 43,500-க்கு இறங்கும், ஆனால் மொத்தத் தொகை 78 லட்சத்தைத் தாண்டும்.

எதிலிருந்து தொடங்குவது?

பெரும்பாலான வீடுகளில் கணக்கு 'கடன் எவ்வளவு கிடைக்கும்?' என்பதில் தொடங்குகிறது. அதைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். படிப்பு முடிந்து அந்த நாட்டில் வேலை கிடைத்தால் 52,700 பெரிய தொகை அல்ல. கிடைக்காமல் ஊர் திரும்பி, இங்கே கையில் மாதம் 60,000 வரும் வேலையில் சேர்ந்தால்? தவணை போக மிஞ்சுவது 7,300 ரூபாய்தான்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. அமெரிக்காவில் படித்தவர்கள் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம் வேலை பார்க்கலாம். அறிவியல், பொறியியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்களுக்கு 2016 முதல் மேலும் 24 மாத நீட்டிப்பு உண்டு. அதன்பின் தேவைப்படும் எச்-1பி விசாவில் ஓர் ஆண்டுக்கான உச்ச வரம்பு 85,000. விண்ணப்பித்த எல்லோருக்கும் அது கிடைப்பதில்லை. விதிகளும் திடீரென்று மாறும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்ததும், அது யாருக்குப் பொருந்தும் என்று தெரியாமல் பலர் தவித்தார்கள்.

கடனுக்குப் பின்னால் இருப்பது என்ன என்பதையும் பாருங்கள். பொதுத்துறை வங்கிகளில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஏழரை லட்சத்துக்கு மேல் கடன் வாங்கினால் பொதுவாக வீடோ நிலமோ அடமானம் கேட்பார்கள். தவணை தவறினால் பாதிக்கப்படுவது அப்பா கட்டிய வீடு.

இதற்கு எக்ஸெல்லில் அருமையான வசதி ஒன்று உள்ளது. டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் பகுதியில் உள்ள கோல் சீக்கை கிளிக் செய்யவும். (கால்க் புரோகிராமில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும்.) மூன்று கட்டங்கள் வரும். முதலில் பி6, அடுத்து 25000, கடைசியில் பி1 கொடுத்து ஓகே தட்டவும். 'மாதம் 25,000 மட்டுமே கட்ட முடியும் என்றால் எவ்வளவு கடன் வாங்கலாம்?' என்பதே நாம் கேட்கும் கேள்வி. பதில் சுமார் 14.2 லட்சம். நம் ஊர்ச் சம்பளத்தில் தாங்கக்கூடிய எண் இது. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியையும் நாட்டையும் தேடுங்கள்.

தேடினால் வழிகள் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் போன்ற சில இடங்கள் விதிவிலக்கு. ஆனால் ஓர் ஆண்டுச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. உள்நாட்டில் எம்.டெக். என்றால் கேட் மதிப்பெண்ணில் சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு.

'முதலில் வேலை, பிறகு படிப்பு' என்பதையும் போட்டுப் பாருங்கள். மாதம் 25,000 வீதம் இரண்டு ஆண்டு சேமித்தால் 6 லட்சம். கடன் 24 லட்சமாகும். தவணை 52,700-லிருந்து சுமார் 42,150-க்கு இறங்கிவிடும். வேலையில் சேரும்போது நியமனக் கடிதத்தில் பாண்ட் விவரம் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டு ஆண்டில் விலக நினைப்பவருக்கு அதுவும் ஒரு செலவுதான்.

இரண்டாவது ஷீட்: தேதிகள்

ஒவ்வொரு வழிக்கும் அது எப்போது மூடும் என்று ஒரு தேதி உண்டு. கேட் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். ஜி.ஆர்.இ. ஐந்து ஆண்டு, டோஃபல் இரண்டு ஆண்டு. வேலையில் சேரும் தேதியை நிறுவனம் தள்ளி வைக்காமல் போகலாம்.

ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசைக்கும் கதவுகள் உள்ளன. பிரிட்டனின் இளம் தொழில்முறையாளர் திட்டம் 2023-ல் தொடங்கியது. 18 முதல் 30 வயது வரையிலான இந்தியப் பட்டதாரிகள் குலுக்கலில் தேர்வானால் இரண்டு ஆண்டு வரை அங்கே தங்கி வேலை செய்யலாம். கையிருப்பாக 2,530 பவுண்டு காட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவும் 2024-ல் தன் வேலை-விடுமுறை விசாவை இந்தியர்களுக்குத் திறந்தது. ஆண்டுக்கு ஆயிரம் இடங்கள், அதுவும் குலுக்கல்தான். 30 வயது வரை காத்திருக்கும் கதவு என்பதால், இதற்காகக் கையிலுள்ள வேலையை இன்றே உதற வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் வரிசையாக டைப் செய்து, தேதி காலத்தை மட்டும் தேர்ந்தெடுத்து விடாமல், முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து சார்ட் செய்யவும். எது நாளையே மூடும், எது காத்திருக்கும் என்பது வரிசையாகத் தெரிந்துவிடும்.

மூன்றாவது ஷீட்: திரும்ப முடியுமா?

ஒவ்வொரு வழிக்கும் நேராக ஒரே கேள்வி: 'ஓர் ஆண்டு கழித்து இது சரிவரவில்லை என்றால் திரும்பி வர எவ்வளவு செலவு?' வேலையை விட்டால் பாண்ட் தொகை, எம்.டெக்.கை விட்டால் ஓர் ஆண்டு, வெளிநாட்டுப் படிப்பைப் பாதியில் விட்டால் பட்டமும் இல்லை, கடனும் நிற்கும். வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த ஷீட்டைத்தான்.

ஒரு வார்த்தை பிள்ளைகளுக்கும். 52,700 என்ற எண்ணைப் பார்த்த பிறகும் அந்தப் படிப்பு வேண்டும் என்று தோன்றினால், அது என்ன பாடம், யாரிடம் படிக்கப் போகிறீர்கள் என்று அப்பா அம்மாவுக்கு விளக்கிச் சொல்லுங்கள். அதைச் சொல்ல முடிகிறவர்கள் போகலாம். 'நண்பர்கள் எல்லோரும் போகிறார்கள்' என்பதைத் தவிர வேறு காரணம் வரவில்லை என்றால், கிடைத்த வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டு சேமியுங்கள். ஜி.ஆர்.இ. மதிப்பெண் அதுவரை உயிரோடு இருக்கும்.

விசா விதிகளும் கட்டணங்களும் அடிக்கடி மாறுபவை. விண்ணப்பிக்கும் முன் அந்தந்த அரசுகளின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். பைலை 'முடிவு' என்ற பெயரில் சேவ் செய்ய மறக்காதீர்கள். வட்டி மாறினாலும் சம்பளம் மாறினாலும் ஒரு செல்லை மாற்றினால் போதும், மீதியை எக்ஸெல் பார்த்துக் கொள்ளும்.