மருந்தும் துஆவும்: மனச்சிதைவு கண்ட பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டியவை



2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடந்துவந்த தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். ஷிஃபா கிடைக்கும் என்ற நம்பிக்கையில் உற்றாரால் அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். நோயாளியைச் சங்கிலியிடுவதை 2017 ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடைசெய்துவிட்டது. ஆனால் சங்கிலியை அகற்றினால் மட்டும் நோய் தீர்ந்துவிடாது. அதற்கு மருந்து வேண்டும்.

நோயை அறிவோம்

மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலிருந்து இருபதுகளுக்குள் தலைகாட்டுகிறது. நன்றாகப் படித்த பிள்ளை ஒதுங்கியிருக்கும், உறங்காது, யாரோ தன்னைப் பேசுவதாகச் சொல்லும், உணவில் விஷம் என்று அஞ்சும். பெருமாநல்லூர் போன்ற பனியன் தொழில் ஊர்களில், இரவு ஷிப்டுக்கு நடுவே பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் இதைச் சோம்பல் என்றோ, கெட்ட சகவாசம் என்றோ, ஜின்னின் தீண்டல் என்றோ எண்ணி மாதங்களைக் கடத்திவிடுகின்றனர். சிகிச்சை தாமதிக்கும் அளவுக்குக் குணமடைவதும் கடினமாகிறது.

ஏன் நெடுங்காலம்?

ரிஸ்பெரிடோன், ஒலான்சபின், அரிபிபிரசோல் முதலிய மருந்துகள் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளின் செயலைச் சீர்ப்படுத்துகின்றன. குரல்கள் அடங்கும், அச்சம் தணியும். அப்போதுதான் பல வீடுகளில் தவறு நேர்கிறது. "பிள்ளைக்குச் சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்திவிடுகின்றனர். நிக்காஹ் பேச்சு வரும்போது நோயை மறைக்கவே மருந்தை ஒளிப்பவர்களும் உண்டு. முதன்முறை இந்நோய் கண்டு தேறியவர்களைப் பின்தொடர்ந்து 1999 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், ஐந்தாண்டுக்குள் நூற்றுக்கு ஏறக்குறைய 82 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. தேறியது மருந்தினாலே, ஆகவே, தேறிய பின்னும் ஓராண்டு, ஈராண்டு, சிலருக்கு அதற்கு மேலும் அது தொடர வேண்டும். குறைப்பதானாலும் மருத்துவரே சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும்.

பக்கவிளைவுகள்

இவற்றை மறைப்பது நேர்மையாகாது. வளரும் பிள்ளைகளுக்கு உடல் எடை விரைவில் கூடும். சர்க்கரையும் கொழுப்பும் ஏறலாம். கை நடுக்கம், உடல் இறுக்கம், தூக்கக் கலக்கம், பெண்பிள்ளைகளுக்கு மாதவிலக்குத் தவறுதல் ஆகியவையும் நேரலாம். குளோசபின் கொடுத்தால் இரத்தப் பரிசோதனை தவறவே கூடாது. ஆகவே எடையையும் இரத்தச் சர்க்கரையையும் காலந்தோறும் பாருங்கள். தொல்லை கண்டால் மருந்தை மாற்றவோ அளவைக் குறைக்கவோ மருத்துவரிடம் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரமலானில்

மாத்திரை நேரத்தை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். இயலாதெனில், நோயாளிக்கு நோன்பில் மார்க்கம் தந்துள்ள சலுகை உண்டு. ஆலிம்களிடம் விளக்கம் பெறலாம்.

துஆ மருந்துக்குப் பகையன்று

நோய்க்கு மருத்துவம் செய்யும்படி நபி (ஸல்) அவர்களே பணித்துள்ளார்கள். கெய்ரோவில் 1284 இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கெனத் தனிப்பகுதி இருந்தது. இது நம் முன்னோர் வழி. ஓதிப்பார்ப்பதும் துஆச் செய்வதும் மருந்தோடு சேர்ந்தே நடக்கட்டும்.

திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகிலேயே உள்ளது. 2022 இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இரவு உணவுக்குப் பின் ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, அவர் விழுங்கும் வரை அன்போடு அருகிலிருப்பதும் அந்த அமானிதத்தைப் பேணுவதே. வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், நமக்குப் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.