மரச்சீனிக் கிழங்கின் பக்குவம்: எந்த யோசனை நம்பத்தக்கது?

திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா ஊக்குவித்த மரச்சீனிக் கிழங்கு, நாஞ்சில் நாட்டில் மீன் குழம்புக்கு உற்ற துணையாம். இதன் பக்குவத்தைப்பற்றி யோசனை கூறுவோர் பலர். காரணம் கூறுவோர் சிலரே. காரணமற்ற யோசனையைக் குடியானவர்கள் ஐயுறுதல் நலம்.

‘நன்றாய் வேகவைத்தால் போதும்’ என்பது அரைகுறை யோசனையாகும். கிழங்கிலுள்ள லினமாரின் என்னும் பொருள் கொதிப்பினால் எளிதில் அழிவதில்லை. அதைச் சிதைத்து, விஷமாகிய ஹைட்ரோசயனிக் அமிலத்தை ஆவியாய்ப் போக்கவல்ல என்சைமோ உஷ்ணத்தில் விரைவிற் கெட்டுவிடும். ஆகையால் விஷம் மிகுந்த தோலை முற்றும் நீக்கி, சிறு துண்டங்களாக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, லினமாரின் கரைந்த அந்நீரை வடித்துக் கொட்டிவிடல் வேண்டும். அதை மாட்டுத்தொட்டியில் ஊற்றலாகாது.

கசப்பின்மையே அத்தாட்சி என்பாருமுளர்; அதுவும் முழுதும் நம்பத்தக்கதன்று.