ஐந்தரை மணி எழுத்து

சிங்கப்பூரில் படிக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் விடியும் முன்னரே எழுந்து பேருந்தைப் பிடிக்க வேண்டும். பாடங்கள் முடிந்தால் இணைப்பாட நடவடிக்கை. அதற்குப் பிறகு துணைப்பாட வகுப்பு. வீடு திரும்பியதும் வீட்டுப்பாடம். இதற்கிடையில் கதையோ கவிதையோ எழுத நேரம் எங்கே என்று அவர் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால், நேரம் கிடைத்தபின் எழுதலாம் என்று காத்திருக்காமல் எழுதி முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆண்டனி டிரோலப்.

டிரோலப் முழுநேர எழுத்தாளராக வாழ்க்கையைத் தொடங்கியவர் அல்லர். 1834ஆம் ஆண்டு, 19 வயதில், லண்டன் அஞ்சல் துறையில் எழுத்தராகச் சேர்ந்தார். வேலைக்குத் தாமதமாக வருபவர் என்று அங்கே அவருக்குக் கெட்ட பெயர்தான் கிடைத்தது. 1841இல் அயர்லாந்துக்கு மாற்றலாகிச் சென்ற பிறகே அவருடைய வாழ்க்கை சீரடைந்தது. கடிதங்கள் ஊர் ஊராக ஒழுங்காகப் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதற்காகக் குதிரையிலும் இரயிலிலும் ஓயாமல் பயணம் செய்தார். தெருவோரத்தில் நிற்கும் அஞ்சல் பெட்டியைப் பிரிட்டிஷ் அஞ்சல் துறைக்குப் பரிந்துரைத்தவரும் அவரே. முதற்பெட்டிகள் 1852இல் ஜெர்சி தீவில் வைக்கப்பட்டன.

இத்தனை அலைச்சலுக்கு இடையிலும் அவர் எழுதினார். முதல் நாவல் 1847இல் வெளிவந்தது. அதை வாங்குவார் இல்லை. அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. பலர் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். டிரோலப்போ எழுதுவதை நாள்தோறும் செய்யும் வேலையாக மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு மேசைமுன் அமர்ந்துவிடுவார். மூன்று மணி நேரம் எழுதிவிட்டுத்தான் மற்ற அலுவல்களுக்குச் செல்வார். அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் காப்பி கொடுப்பது வயதான குதிரைப் பணியாளர் ஒருவரின் பொறுப்பு. அதற்கென்று ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தார். தம்முடைய வெற்றிக்கு வேறு எவரையும்விட அப்பணியாளருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். மன உறுதியை மட்டும் நம்பாமல் எழுப்புவதற்கு ஓர் ஆளையும் வைத்துக்கொண்டது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

உட்கார்ந்தவுடன் என்ன எழுதுவது என்று விழிக்கும் சிக்கலுக்கும் அவரிடம் வழி இருந்தது. முதல் அரை மணி நேரம் முந்தைய நாள் எழுதியதைப் படிப்பார். அதன் ஓசை காதில் இருக்கும்போதே தொடர்ந்து எழுதுவார். கடிகாரத்தை எதிரில் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று கணக்கும் வைத்திருந்தார். ஒவ்வொரு நாளும் எத்தனை பக்கம் எழுதினார் என்பது ஒரு குறிப்பேட்டில் பதிவாகும். எழுதாத நாள் அதில் வெறுமையாக நின்று அவரை உறுத்தும். இரயிலில் மடிமீது பலகையை வைத்துப் பென்சிலால் எழுதினார். மனைவி ரோஸ் அதைப் படியெடுத்தார். ஒரு கப்பல் பயணத்தில், எழுத்தை நடுவில் விட்டுவிட்டு வாந்தி எடுக்க ஓடி, திரும்பி வந்து எழுதியதும் உண்டு! 1882இல் அவர் இறந்தபோது 47 நாவல்கள் எழுதியிருந்தார்.

மாணவர் எவரும் இப்படி மூன்று மணி நேரம் எழுத வேண்டியதில்லை, எழுதவும் முடியாது. கால் மணி நேரம் போதும். எந்த நேரம் என்பதைவிட எதை அடுத்து என்பதே முக்கியம். லண்டனில் ஆய்வாளர்கள் 96 பேரைக் கொண்டு பழக்கம் உருவாகும் விதத்தை ஆராய்ந்து, 2010இல் முடிவை வெளியிட்டனர். காலை உணவு போன்ற அன்றாடச் செயல் ஒன்றை அடுத்துப் புதிய செயலைச் செய்யுமாறு அவர்களிடம் கூறப்பட்டது. அது தானாக வரும் பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் தேவைப்படும் என்று கணக்கிடப்பட்டது. 66 நாள் என்பது ஏறக்குறைய ஒரு பள்ளித் தவணை. ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது. தேர்வு நாளில் எழுதாமல் போனவர் மறுநாள் தொடரலாம்.

தமிழில் எழுதுவோருக்கு இதில் இன்னொரு பயனும் உண்டு. பள்ளியில் பெரும்பாலான பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கும் மாணவர், தமிழைத் தேர்வுத்தாளில் மட்டுமே எழுதினால் சொற்கள் மெல்ல மெல்லக் கைநழுவிப் போகும். பேருந்தில் ஒரு முதியவர் குடையை மடக்கிய விதத்தை எழுதத் தொடங்கினால், குடையிலிருந்து நீர் சொட்டியதா, வழிந்ததா, ஒழுகியதா என்று யோசிக்க வேண்டிவரும். சொல் வராத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதலாம். மாலையில் பாட்டியிடமோ ஆசிரியரிடமோ கேட்டு அந்தக் கோட்டை நிரப்பலாம். அகராதியைப் புரட்டிக்கொண்டே எழுதினால் கால் மணி நேரமும் அதிலேயே போய்விடும்.

எழுதியதை உடனே பிறருக்குக் காட்ட வேண்டும் என்பதில்லை. காட்ட விரும்புவோருக்கு வழிகளும் உண்டு. தமிழ் முரசு நாளிதழ் முன்பு மாணவர் மணிமன்றம் என்ற பகுதியை வெளியிட்டுவந்தது. அதில் எழுதிப் பழகிய மாணவர் பலர் பின்னாளில் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்தாளர்களாக அறியப்பட்டனர். இன்றைய மாணவருக்குப் பள்ளி ஆண்டிதழ் இருக்கிறது. அதற்குப் படைப்பு கேட்டு ஆசிரியர் வகுப்புக்கு வரும்போது, குறிப்பேடு வைத்திருப்பவர் பழைய பக்கங்களைப் புரட்டினாலே போதும்.