சோவார்: அடைக்கலம் தேடியோர் எழுப்பிய சிற்றூர்

ஊரைவிட்டுப் புறப்படும் குடும்பம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு புறப்படுகிறது. செபமும் அதனோடு கூடவே செல்கிறது. புதிய மண்ணில் அந்தச் செபம் எவ்வாறு வேரூன்றுகிறது என்பதை, ஐக்கிய அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் வரலாற்றில் நாம் காணலாம்.

அவ்வூரின் பெயர் சோவார். சோதோம் அழிந்தபோது லோத்து தப்பியோடி அடைக்கலம் புகுந்த சின்ன ஊரின் பெயர் அது. அப்பெயரைச் சூட்டியவர்கள் ஜேர்மனியின் வூர்ட்டெம்பேர்க் பகுதியைச் சேர்ந்த எளிய மக்கள். அரசின் ஆதரவு பெற்ற லூத்தரன் சபையை விட்டுப் பிரிந்து, படைச் சேவையையும் மறுத்ததால் சிறையும் தண்டமும் அனுபவித்தவர்கள். 1817ஆம் ஆண்டு ஏறத்தாழ 300 பேர் கப்பலேறிப் பிலடெல்பியாவை அடைந்தனர். அங்கே குவேக்கர் சபையினர் அவர்களை ஆதரித்தனர். பின்னர் 5,500 ஏக்கர் காட்டு நிலத்தை அவர்கள் கடனுக்கு வாங்கினர்.

ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கு நிலத்துக்குத் தானே பணம் செலுத்துவதென்றே முதலில் எண்ணியிருந்தனர். ஆனால் முதியோரும் வறியோரும் என்ன செய்வர்? அவர்களைக் கைவிட மனமில்லாமல், 1819 ஏப்ரலில் நிலம், உழைப்பு, விளைச்சல் யாவற்றையும் பொதுவாக்கினர். பெண்களும் வாக்களித்தனர். குருப்பட்டம் பெறாத யோசேப்பு பீமெலர் என்பவரே வழிநடத்தினார். ஞாயிறுதோறும் கூடியோருக்கு அவரே உரையாற்றினார். சடங்குகளை அவர்கள் ஏற்கவில்லை. இதில் நாம் அவர்களோடு உடன்படோம். ஆயினும் பலவீனரை விட்டுவிட்டு முன்னே செல்லாத அந்த விசுவாசத்தை மதிக்கிறோம்.

1820களில் அவ்வழியே கால்வாய் வெட்டப்பட்டபோது, தமது நிலத்தினூடாகச் செல்லும் பகுதியை வெட்டும் வேலையைத் தாமே பொறுப்பேற்றனர். ஆண்களோடு பெண்களும் மண் சுமந்தனர். அதற்குக் கிடைத்த 21,000 டொலர் நிலக்கடனை அடைக்கப் பெரிதும் உதவியது.

1853இல் பீமெலர் இறந்தார். அதே ஆண்டில் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. ஆனால் துன்பத்தை நேரில் கண்ட தலைமுறை மறைய, பொதுவாழ்வின் பிடிப்பும் தளர்ந்தது. 1898இல் சொத்துக்களை அங்கத்தவர்களிடையே பங்கிட்டுச் சங்கத்தைக் கலைத்தனர்.

எண்பது ஆண்டுகள் குறுகிய காலமன்று. தனியே கட்ட முடியாத கடனைச் சேர்ந்து கட்டினார்கள். ஏன் சேர்ந்தோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைவிடக் கடினமான வேலை என்பதையும் அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்கிறோம்.