'தோட்டத்தில் நடந்தாலே போதும்' என்றார்கள் டாக்டர்கள்... 40 வயதில் சொந்த ஊர் கிளப்பை லா லிகாவுக்குக் கொண்டுவந்த சான்டி கஸோர்லா!

சான்டி கஸோர்லாவின் வலது கணுக்காலை உற்றுப் பார்த்தால் ஒரு குழப்பம் வரும். குதிகாலுக்குச் சற்று மேலே பச்சை குத்திய எழுத்துகள் தெரியும். ஆனால், அவை முழுப் பெயராக இருக்காது. மீதி எழுத்துகள் இடது முன்கையில் இருக்கின்றன. அது அவருடைய மகளின் பெயர். முதலில் முழுப் பெயரும் கையில்தான் இருந்தது. அந்தக் கையிலிருந்து தோலை வெட்டியெடுத்துக் காலில் ஒட்டியபோது, பெயரில் பாதி காலுக்கு இறங்கிவிட்டது.

அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் 2025 ஜூன் மாதம், தன் 40-வது வயதில், சொந்த ஊர் கிளப்பான ரியல் ஒவியேடோ ஸ்பெயினின் முதல் டிவிஷனான லா லிகாவுக்குத் திரும்ப ஒரு முக்கியமான கோலை அடித்தார் கஸோர்லா. 24 வருடங்களாக அந்த ஊர் காத்திருந்த நாள் அது.

சான்டி என்பது சான்டியாகோவின் சுருக்கம். ஸ்பானிஷ்காரர்கள் சொல்லிக் கேட்டால் கிட்டத்தட்ட நம்மூர் 'சாந்தி' மாதிரியே இருக்கும். 1984 டிசம்பர் 13-ம் தேதி, வடக்கு ஸ்பெயினின் அஸ்டூரியாஸ் பகுதியில் பிறந்தவர். பக்கத்து நகரமான ஒவியேடோவின் கிளப்பில்தான் சின்ன வயதிலிருந்து பயிற்சி. அந்த நீலச் சட்டையோடு சீனியர் டீமில் ஆட வேண்டும் என்பதுதான் அங்கே வளரும் எல்லாச் சிறுவர்களுக்கும் கனவு. அவருக்கும் அதேதான்.

ஆனால், கிளப்பிடம் பணம் இல்லை. 2001-ல் லா லிகாவிலிருந்து கீழே இறங்கிய ஒவியேடோ, 2003-ல் இரண்டாவது டிவிஷனிலிருந்தும் இறங்கியது. வீரர்களுக்குச் சம்பள பாக்கி வைத்ததற்குத் தண்டனையாக இன்னும் ஒரு படி கீழே தள்ளப்பட்டு, நான்காவது டிவிஷனில் போய் விழுந்தது. அந்த வருடம் 18 வயது கஸோர்லா பெட்டியைக் கட்டிக்கொண்டு, நாட்டின் இன்னொரு மூலையில் கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருக்கும் வில்லாரியல் கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். ஒவியேடோ சீனியர் டீமுக்காக அவர் ஒரு மேட்ச்கூட ஆடியிருக்கவில்லை.

ஊர் ஊராக ஒரு பயணம்

அதன் பிறகு அவர் போன ஊர்களைச் சொன்னால் ரயில்வே அட்டவணை மாதிரி இருக்கும். வில்லாரியலில் மூன்று வருடம். இன்னும் நிறைய ஆட வாய்ப்பு வேண்டும் என்று 2006-ல், அப்போதுதான் லா லிகாவுக்கு வந்திருந்த ரெக்ரியாடிவோ டி உவெல்வா என்ற சின்ன கிளப்புக்குப் போனார். அந்த சீசனில் அந்த அணி எட்டாவது இடம் பிடித்து எல்லோரையும் ஆச்சர்யப்படுத்தியது. ஸ்பெயினின் 'டான் பலோன்' பத்திரிகை அவரை சீசனின் சிறந்த ஸ்பெயின் வீரராகத் தேர்ந்தெடுத்தது. 'திரும்ப வா' என்று வில்லாரியல் பணம் கொடுத்து மீட்டுக்கொண்டது. அவர் திரும்பிய 2007-08 சீசனில் லா லிகாவில் இரண்டாவது இடம்!

2008 யூரோ கோப்பையில் இத்தாலிக்கு எதிரான காலிறுதி பெனால்டி ஷூட் அவுட் வரை போனது. இரண்டாவதாக வந்து பந்தை வலைக்குள் அனுப்பினார் 23 வயது கஸோர்லா. ஸ்பெயின் கோப்பையையும் வென்றது. 2012 யூரோவை வென்ற அணியிலும் இருந்தார். நடுவில் 2010-ல் ஸ்பெயின் உலகக் கோப்பையை வென்றபோது மட்டும், முதுகில் அடிபட்டு டிவியில் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

2011-ல் மலகா. கத்தார் நாட்டு ஷேக் ஒருவர் வாங்கிய கிளப் அது. பெரிய தொகைக்கு கஸோர்லாவை எடுத்தார்கள். முதல் சீசனிலேயே நான்காவது இடம், சாம்பியன்ஸ் லீக் வாய்ப்பு. ஆனால், ஒரே வருடத்தில் பணம் வற்றியது, மீண்டும் சம்பள பாக்கிக் கதை. இளமையில் ஒவியேடோவில் பார்த்த அதே படத்தை இரண்டாம் முறை பார்த்துவிட்டு, 2012-ல் லண்டனுக்குப் போய் ஆர்சனலில் சேர்ந்தார்.

168 செ.மீ உயரம்தான். பிரீமியர் லீக் டிஃபெண்டர்கள் பக்கத்தில் நின்றால் பள்ளிக்கூடப் பையன் மாதிரி இருப்பார். ஆனால், பந்து அவர் காலில் இருந்தால் எந்தப் பக்கம் திரும்புவார் என்று யாராலும் கணிக்க முடியாது. ஏனென்றால் அவருக்கு இரண்டு காலும் ஒன்றுதான். கார்னரை வலது காலிலும் அடிப்பார், இடது காலிலும் அடிப்பார். இது பயிற்சியில் மட்டும் வருகிற விஷயம் இல்லை. இன்றைக்கும் உலக கால்பந்தில் இப்படிப்பட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆர்சனல் ரசிகர்கள் மறக்காத நாள் 2014 மே 17. எஃப்.ஏ கோப்பை இறுதிப்போட்டி. ஒன்பது வருடங்களாகக் கோப்பை எதுவும் வெல்லாத ஆர்சனல், முதல் எட்டு நிமிடங்களுக்குள் ஹல் சிட்டியிடம் இரண்டு கோல் வாங்கிவிட்டது. 'இந்த வருடமும் போச்சு' என்று நினைத்த நேரத்தில், 17-வது நிமிடத்தில் கஸோர்லா அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் பாய்ந்தது. அங்கிருந்து எழுந்த ஆர்சனல் கூடுதல் நேரத்தில் 3-2 என்று ஜெயித்தது.

ஒரு சின்ன விரிசல்

இந்த வெற்றிகளுக்கு நடுவிலேயே காலில் பிரச்னை ஆரம்பித்திருந்தது. 2013 செப்டம்பரில் சிலிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் வலது கணுக்காலில் ஓர் உதை. எலும்பில் சின்ன விரிசல். வலியோடே ஆடினார். உடம்பு சூடாக இருக்கும் முதல் பாதியில் சமாளித்துவிடலாம்; இடைவேளையில் கால் குளிர்ந்ததும் அழுகை வரும் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார். 2015 நவம்பரில் முழங்கால் தசைநாரிலும் காயம். மீண்டு வந்தார். 2016 அக்டோபர் 19-ம் தேதி பல்கேரியாவின் லுடோகொரெட்ஸ் அணியை ஆர்சனல் 6-0 என்று வென்ற இரவில், வலி தாங்காமல் களத்தை விட்டு நொண்டியபடி வெளியேறினார். ஆர்சனலுக்காக அவர் அதன் பிறகு ஆடவே இல்லை.

கணுக்காலில் ஆபரேஷன் செய்தார்கள். தையல் போட்ட இடம் ஆறவில்லை. ஆறியது போலத் தெரியும், மறுபடி பிரியும். மறுபடி தையல், மறுபடி ஆபரேஷன். உள்ளே பாக்டீரியா தொற்று புகுந்துவிட்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் டாக்டர்கள் சொன்னார்களாம்... மகனோடு தோட்டத்தில் நடக்க முடிந்தாலே திருப்தி அடைந்துகொள்ளுங்கள் என்று. கால்பந்தை மறந்துவிடுங்கள் என்பதை இதைவிட மென்மையாகச் சொல்ல முடியாது.

2017 மே மாதம், ஸ்பெயினின் விட்டோரியா நகரில் மிகெல் சான்செஸ் என்ற டாக்டர் காலைத் திறந்து பார்த்தார். உள்ளே கிருமிகள் எலும்பையும் அரித்திருந்தன. குதிகாலைக் கெண்டைக்காலோடு இணைக்கும் அக்கிலிஸ் தசைநாரில் 8 சென்டிமீட்டருக்குக் குறையாமல் காணவே இல்லை! நாம் நடக்க, ஓட, குதிக்க எல்லாவற்றுக்கும் அந்த நார்தான் கயிறு. அது அறுந்தாலே பல வீரர்களின் வாழ்க்கை முடிந்துவிடும். இவருக்கு அறுந்துபோகவில்லை, கரைந்தே போயிருந்தது. கால் அழுகி, அதையே எடுக்க வேண்டி வரலாம் என்ற நிலை.

கெட்டுப்போன பகுதிகளைச் சுத்தம் செய்து, நாரைத் திரும்பக் கட்டமைத்தார்கள். மூடுவதற்குத் தோல் போதவில்லை. அதனால்தான் இடது கையிலிருந்து தோல் எடுத்தார்கள். கையில் ஏற்பட்ட குழியை மூடத் தொடையிலிருந்து தோல். பச்சைக்குத்து இரண்டாகப் பிரிந்தது அப்போதுதான். 2017 நவம்பரில் அந்தக் காலின் படம் ஸ்பெயின் பத்திரிகையான 'மார்கா'வில் வந்தபோது, அவர் எங்கே போனார் என்று தேடிக்கொண்டிருந்த ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். தான் பார்த்ததிலேயே மோசமான காயம் இது என்றார் ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர். ஆபரேஷனுக்குப் போகும் முன்பே கஸோர்லாவின் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்திருந்தது ஆர்சனல். விளையாட்டு உலகில் எல்லா கிளப்பும் இப்படி நடந்துகொள்ளாது.

சலமாங்கா நகரில் மாதக்கணக்கில் தனியாகப் பயிற்சி. முதலில் நடை, பிறகு மெதுஓட்டம், பிறகு பந்து. 2018 மே மாதம் ஆர்சனல் ஒப்பந்தம் முடிந்தது. கையில் கிளப் இல்லை, வயது 33. 'வந்து எங்களோடு பயிற்சி செய், முடிகிறதா பார்க்கலாம்' என்று கதவைத் திறந்தது பழைய வில்லாரியல். ஜூலை 17-ம் தேதி ஒரு நட்பு ஆட்டத்தில் களமிறங்கினார். 636 நாள்களுக்குப் பிறகு! ஒப்பந்தம் கையெழுத்தானதும் அவரை ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்த ஒரு மேஜிக் கலைஞரைக் கூப்பிட்டார்கள். மைதானத்தின் நடுவே வெறுமையாக நின்ற கண்ணாடிக் குழாயில் புகை நிரம்பியது. புகை விலகியபோது உள்ளே கஸோர்லா நின்றார். கொஞ்சம் சினிமாத்தனம்தான், ஆனால் பொருத்தமான சினிமாத்தனம்.

2019 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக இரண்டு கோல். அதில் ஒன்று தலையால் முட்டியது, அந்த உயரத்தில்! மூன்றரை வருடம் கழித்து ஸ்பெயின் அணியிலும் இடம் கிடைத்தது. நாட்டுக்காக மொத்தம் 81 ஆட்டங்கள். 2019-20 சீசனில் லா லிகாவில் 11 கோல் அடித்துவிட்டு விடைபெற்றார். பிறகு மூன்று வருடம் கத்தாரின் அல் சத் கிளப்பில், பழைய தோழர் ஷாவியின் பயிற்சியில் தொடங்கி, லீக் பட்டங்களோடு கழிந்தது. சௌகரியமான கடைசி நிறுத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

சம்பளம் வேண்டாம் என்றவர்

ஒவியேடோவை அவர் எப்போதும் விட்டுவிடவில்லை. 2012-ல் கிளப் திவாலாகி மூடும் நிலைக்கு வந்தபோது, ஒரு பங்கு 10.75 யூரோ என்று உலகம் முழுக்க விற்றுப் பணம் திரட்டினார்கள். அந்தக் கிளப்பில் வளர்ந்து வெளியே போன கஸோர்லா, ஹுவான் மாட்டா, மிச்சு ஆகியோரும் பணம் போட்டுப் பங்கு வாங்கினார்கள். கிளப் தப்பியது.

2023 ஆகஸ்டில், 38 வயதில், இரண்டாவது டிவிஷனில் இருந்த ஒவியேடோவுக்கே வந்து சேர்ந்தார். இலவசமாக ஆட அவர் தயார். ஆனால், தொழில்முறை லீக்கில் விதி இடம் கொடுக்காது. அதனால் விதிப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்ச சம்பளம் மட்டும். தன் பெயர் போட்ட சட்டை விற்பனையில் 10 சதவிகிதம் கிளப்பின் சிறுவர் அகாடமிக்குப் போக வேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. தானும் ஒரு காலத்தில் அந்த அகாடமிச் சிறுவன்தானே.

முதல் வருடம் கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை. 2024 ஜூனில் பிளே ஆஃப் இறுதியில் எஸ்பான்யோலை முதல் ஆட்டத்தில் 1-0 என்று வென்று, இரண்டாவதில் 2-0 என்று தோற்றார்கள். 39 வயதுக்காரர் 'போதும்' என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இன்னொரு வருடம் இருந்தார்.

2025 பிளே ஆஃப். அரையிறுதியில் அல்மேரியாவுக்கு எதிராக, உள்ளூரில் பின்தங்கியிருந்தபோது அவருடைய ஃப்ரீ கிக்தான் சமன் செய்தது. இறுதியில் எதிரணி மிராண்டஸ். முதல் ஆட்டத்தில் 1-0 தோல்வி. ஜூன் 21, கார்லோஸ் டார்டியேரே மைதானம் நிரம்பி வழிகிறது. அங்கும் முதல் கோலை அடித்தது மிராண்டஸ்தான். மொத்தக் கணக்கில் இரண்டு கோல் பின்தங்கியாகிவிட்டது. அப்போது ஒவியேடோவுக்கு ஒரு பெனால்டி. பந்தை எடுத்து வைத்தவர் கஸோர்லா. 39-வது நிமிடம். கோல்! இரண்டாவது பாதியில் சைரா, கூடுதல் நேரத்தில் போர்டியோ. 3-1. ஒவியேடோ லா லிகாவில்!

அடுத்த சீசனுக்கும் ஒப்பந்தத்தை நீட்டித்துக்கொண்டார் கஸோர்லா. அட்டவணை வெளியானது. லா லிகாவில் ஒவியேடோவின் முதல் எதிரணி வில்லாரியல். 18 வயதுப் பையனாக அவரைச் சேர்த்துக்கொண்ட, 33 வயதில் புகைக்குழாயிலிருந்து அவரை வெளியே வரவழைத்த அதே கிளப், அதே மைதானம். 2025 ஆகஸ்ட் 15-ல் நடந்த அந்த ஆட்டத்தில் ஒவியேடோ 2-0 என்று தோற்றது.